வெடித்தது எண்ணப்படாது

பின்னேரம் ஐந்துக்குள் அறுபது முட்டை.
மதுக்கடை நிஹால் ஒவ்வொன்றாய் எடுத்து
காதருகே ஆட்டி, மின்குமிழில் காட்டி,
பிறகுதான் தட்டில் வைப்பான்.
மயிரிழைக் கோடு தெரிந்தாலும்
"பிந்திச்ச ஏவா எபா, அக்கே."
வெடித்தது எண்ணப்படாது.

குடிக்க வருகிறவனுக்கு
உடைக்க ஒன்று வேண்டுமாம்.
துறைமுகத்து மேற்பார்வையாளனை உடைக்க முடியாது,
வட்டிக்காரனை முடியாது,
முட்டையை மேசை விளிம்பில் ஒரு தட்டு.
அந்தத் தட்டுக்குத்தான் காசு,
மஞ்சட்கருவுக்கு இல்லை என்கிறான்.
மிளகுத்தூள் சும்மா.

தொடக்கத்தில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.
சட்டிக்குள் சண்டை.
வெள்ளைக்கரு நூல் நூலாய் வெளியே வந்து
பேய்த்தலை போல மிதந்தது.
அன்று பதினேழு போயிற்று.
பிறகு பச்சைத் தண்ணீரில் வைத்து
ஒரு கை உப்புப் போட்டு
அடுப்பைக் குறைத்தேன். ஒன்பது.
அடியில் துணி விரித்தால் முட்டாது என்று நினைத்து
தேர்தல் முடிந்து படிக்கட்டில் கிடந்த
கொடி ஒன்றைக் கிழித்து விரித்தேன்.
சாயம் போகும் என்று யார் கண்டது?
அறுபதும் கட்சியில் சேர்ந்துவிட்டன.
எந்த நிறம் என்று சொல்லமாட்டேன்.
நிஹால் மற்றக் கட்சி.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில்
லிஃப்ட் ஓடாத நாள்.
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
நஸீஹா தாத்தாவிடம் இதைச் சொன்னேன்.
சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தா.
பிறகு முக்காட்டிலிருந்து
ஒரு குண்டூசியைக் கழற்றித் தந்தா.
"மொத்தமான பக்கம் பாத்து
மெதுவா ஒரு குத்து.
உள்ளுக்குக் காத்து ஈக்கிது.
போக வழி இல்லாட்டி
அது கோதத்தான் ஒடைக்கும்."

ஊசி உள்ளே போகும்போது
ஒரு சின்ன 'டிக்'.
காதுக்குக் கேட்காது, விரலுக்குக் கேட்கும்.
பன்னிரண்டு பன்னிரண்டாய்,
நெருக்காமல், கரண்டியால் இறக்கி
(துணி இப்போது வெளுத்த மாச்சாக்கு)
பக்கத்திலேயே நிற்கிறேன்.
குத்திய இடத்திலிருந்து
குமிழிகள் மணி மணியாய் ஏறுகின்றன,
உள்ளே நெடுநாள் பேசாமல் இருந்த யாரோ
ஒருவழியாய்ப் பேசத் தொடங்கியதுபோல.

அறுபதுக்கு அறுபது.
நான்கு நாள் தொடர்ந்து அறுபதுக்கு அறுபது.
நிஹால் "ஷா!" என்றான்.
ஊசித் துளை அவன் கணக்கில் இல்லை.

ஐந்தாம் நாள் டெனிஸ்டன்
பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே
சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.
"இண்டைக்கும் ஒண்டும் வெடிக்கல்லியாம்மா?"

கையில் கரண்டியோடு
அப்போதுதான் கணக்குப் பார்த்தேன்.
இரண்டு வருடமாய் அவன் சோற்று முட்டை
என் பிழையிலிருந்து வந்தது.

மறுநாள் கடைசிப் பன்னிரண்டில்
ஒன்றைக் குத்தாமல் விட்டேன்.
நெருப்பைக் கூட்டினேன். கூட வேறு நான்கை நெருக்கினேன்.
அது குதித்தது, மோதியது, சட்டி விளிம்பில்
இரண்டுதரம் நெற்றியை இடித்தது.
வெடிக்கவில்லை.
திமிர் பிடித்த முட்டை.

ஐம்பத்தொன்பதைக் கொண்டுபோனேன்.
நிஹால் எண்ணி, திரும்ப எண்ணி,
"மற்றது?" என்பதுபோல் விரலைச் சுழற்றினான்.
"பிந்துணா" என்றேன், முகத்தைப் பார்க்காமல்.
பாவம், உதட்டைப் பிதுக்கி
எனக்காகக் கவலைப்பட்டான்.

வீட்டில் டெனிஸ்டனின் கோப்பையில்
கீறல் இல்லாமல் ஒரு முட்டை.
அவன் அதை எடுத்தான்.
உருட்டினான். நகத்தால் சுரண்டினான்.
இதுவரை அவனுக்குக் கிடைத்ததெல்லாம்
ஏற்கனவே உடைந்தவை.
எங்கே தொடங்குவது என்று தெரியாமல்
காதருகே வைத்து
ஆட்டிப் பார்த்தான்.